திருத்தம் என்று ஒரு சொல்

மார்ச் 6, புதன்

இன்றும் மூச்சு வகுப்பு. அட்டவணையில் அதன் பெயர் ‘பணி அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி’. அப்படி முழுசாகச் சொல்லும் பொறுமை எங்களில் யாருக்கும் இல்லை. வானத்தில் போகும் விமானங்களுக்குக் கீழேயிருந்து வழி சொல்லும் வேலைக்குப் படிக்க வந்திருக்கிறோம். வாரம் இரண்டு முறை, அதுவும் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் காற்றை இழுக்கச் சொல்கிறார்கள். கொச்சபாம்பாவில் மதியச் சாப்பாடு என்றால் சும்மாவா? தட்டையே மறைக்கும் இறைச்சி, அதன் மேல் முட்டை, அடியில் சோறும் உருளைக்கிழங்கும். பக்கத்து இருக்கை லிம்பெர்ட் மூன்றாவது மூச்சிலேயே குறட்டை விட்டான்.

பாடம் எடுப்பவர் லிசென்சியாதா எர்சிலியா; பட்டம் வாங்கிய பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். எங்களுக்கு லிசென். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். இதற்குமுன் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸுகளுக்கு இதே பாடம் எடுத்தவராம். குறட்டையைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. “பாருங்க, ஒருத்தர் முழுசா பாஸாயிட்டாரு” என்றார். தனக்கு விமானத்தில் ஏறப் பயம் என்றும், சாந்தா க்ரூஸுக்கு பஸ்ஸில்தான் போவதாகவும் முதல் நாளே ஒப்புக்கொண்டவர். இவர் எங்களுக்குப் பயம் தெளியவைக்கப் போகிறாராம்.

நாளை மறுநாள் எங்கள் முதல் சிமுலேட்டர் தேர்வு. எனக்குத் தெரியாதது எதுவும் அதில் வராது. மதிப்பெண் பலகையில் ஹிமேனா ரோகபாதோ என்ற என் பெயர்தான் எல்லாவற்றுக்கும் மேலே எழுதியிருக்கிறது. தற்பெருமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

தோற்றுவிட்டேன்.

மார்ச் 9, சனி

எழுதினால்தான் அடங்கும்.

சிமுலேட்டர் அறை இருட்டு. முன்னால் திரை, அதில் ஒவ்வொரு விமானமும் ஒரு பச்சைப் புள்ளி, பக்கத்தில் அதன் உயரம். பக்கத்து அறையில் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து பைலட் மாதிரி ரேடியோவில் பேசுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் தேர்வாளர் தோன் அப்தோன். பல வருடம் நிஜமான கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்.

ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று எதிரே, எங்கள் உயரக் கணக்கில் மட்டம் இருநூற்று எழுபதில் வந்துகொண்டிருந்தது. ஏறுகிறதை இருநூற்று அறுபதில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான், முதல் மாதத்துப் பாடம். எண்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: இரண்டு, ஆறு, பூஜ்யம். ஏனென்றால் எங்கள் ஸ்பானிஷில் அறுபது ‘செசெந்தா’, எழுபது ‘செதெந்தா’. நடுவில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். சந்தையில் தக்காளி வாங்கும்போதே குழம்பும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரத்தில் வீட்டில் பேசுகிற மாதிரி ‘செசெந்தா’ என்றேன். கேட்டதை பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும், நாங்கள் சரிபார்க்க வேண்டும்; அவன் ‘செதெந்தா’ என்று திருப்பிச் சொன்னான். நான் எதை எதிர்பார்த்தேனோ அதுதான் என் காதில் விழுந்தது. விட்டுவிட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. புள்ளி அறுபதைத் தாண்டி ஏறுவதைப் பார்த்துவிட்டேன். நேரம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல் — நேரம் இருந்தது. பொத்தானை அழுத்தினேன், வாயைத் திறந்தேன். என்ன வந்தது? “மன்னிக்கணும் கேப்டன். ஐயோ, மன்னிக்கணும். என் தப்புதான், நான்தான் தப்பா சொல்லிட்டேன், மன்னிக்கணும்…” நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. எதிரே வந்த பைலட் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு புள்ளிகளும் ஒரே புள்ளியாகிவிட்டன.

விளக்கைப் போட்டார்கள். தோன் அப்தோன் காகிதத்தில் எதையோ எழுதி முடித்துவிட்டு, “பொண்ணே, அவங்க ரொம்ப மரியாதையா செத்தாங்க” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. லிம்பெர்ட்கூட.

மறுதேர்வு ஒன்றே ஒன்றுதான், மே மாதம். அதிலும் போனால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து தகரக் கூரைமேல் ஏறி விமானம் பார்த்தவள் நான். இது இல்லையென்றால் வேறு என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “மன்னிப்புக் கேட்டதுக்கா பெயில் போட்டாங்க? எந்த ஊரு நியாயம்டி இது?” என்றாள்.

அம்மாவைச் சொல்லி என்ன? கான்சா சந்தையில் அவளுக்குத் துணிக்கடை. விலை கேட்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வாள். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்பாள். இந்தப் பள்ளத்தாக்கே அப்படித்தான். மினிபஸ்ஸில் இறங்க வேண்டுமானால், “மன்னிக்கணும், முக்குல கொஞ்சூண்டு இறங்கிக்கறேன்.” கடையில் உப்பு இல்லையென்றால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்கிறார், கேட்டதற்கு நாமும் கேட்கிறோம். நல்ல பழக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் லிசென் என்னை இருக்கச் சொன்னார். ஆறுதல் சொல்வார், தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். அவர் கோக்கா இலைத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, பொத்தானை அழுத்திய நொடியில் எதற்குப் பயந்தேன் என்று கேட்டார். மோதிவிடுமோ என்றுதான், வேறெதற்கு என்றேன். நன்றாக யோசிக்கச் சொன்னார். யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

“முதுகுக்குப் பின்னாடி நின்னவருக்கு, லிசென்.”

“அதான் எனக்கும் பட்டுது. நீ பைலட்கிட்ட பேசவேயில்ல. பேசினது பூரா அவர்கிட்ட.” கோப்பையைக் கீழே வைத்தார். “மன்னிப்புக் கேக்கறப்ப உன் பாரத்த நீ இறக்கி வச்சுட்டே. மேல தொங்கிட்டிருக்கறவனுக்கு அதுல என்ன கிடைச்சுது?”

பஸ்ஸில் போகிற அம்மணி எனக்கு வானத்தைச் சொல்லித்தருகிறாரே என்று எரிச்சலாக வந்தது. வீடுவரை அந்த எரிச்சலைப் பிடித்துக்கொண்டே வந்தேன். வந்தபின் பிடித்துவைக்க முடியவில்லை.

மார்ச் 20, புதன்

கையெழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

இன்று எங்களை விமான நிலையத்தின் நிஜமான கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கொரு கன்ட்ரோலர் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு வாய்த்தவர் நிறைமாதக் கர்ப்பிணி. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, ஒரு கையால் மாந்தரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

துனாரி மலைமேல் மேகம் கட்டியிருந்தது. எல்லா விமானங்களும் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கேட்டன. ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர். குரல்கள்தான், வெறும் குரல்கள். ஜலதோஷம் பிடித்த ஒரு குரல், சிரிப்பை அடக்கும் ஒரு குரல், சாந்தா க்ரூஸ் இழுவையோடு ஒரு குரல். ஒவ்வொரு குரலுக்குப் பின்னாலும் வரிசை வரிசையாக மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிமுலேட்டரில் எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கே புள்ளிதான். இங்கே காதுக்குள் ஆள் மூச்சுவிடுகிறான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு விமானத்துக்குத் திசை சொல்லும்போது அந்தப் பெண் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். நானே கவனித்தேன், நெஞ்சு நின்றுவிட்டது. அவர் மூச்சுக்கூட மாற்றவில்லை. “திருத்தம்” என்றார், சரியான எண்ணைச் சொன்னார். பைலட் திருப்பிச் சொன்னார். அடுத்த விமானம். மாந்தரின் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் சிவக்கவில்லை.

அந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தவறாகச் சொல்லிவிட்டால் ‘திருத்தம்’ என்று சொல்லிவிட்டுச் சரியானதைச் சொல்ல வேண்டும், விதி இது. ஒரு மனுஷி அதை நிஜமாகச் சொல்லிக் கேட்டது இன்றுதான். தவறு செய்தவள் தவறைச் சொல்லிவிட்டு அப்படியே நடந்துபோகலாமா? இப்படியும் உலகத்தில் இருக்கிறதா? எனக்கு யாரும் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 21, வியாழன்

இன்று ஒருநாள் கவனித்துப் பார்த்தேன். எழுந்ததிலிருந்து நான் மன்னிப்புக் கேட்டவர்கள்: அம்மா, மினிபஸ் டிரைவர், என் காலை மிதித்த ஒருவர் (அவர்தான் மிதித்தார்!), ரொட்டிக்காரி, பள்ளிக் காவல்காரர், அவருடைய நாய்.

ஏப்ரல் 3, புதன்

ஒரு சங்கடம். ஆறு என்ற எண்ணைச் சொல்ல வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது. பயிற்சியில் மற்ற எண்கள் மடமடவென்று வருகின்றன, ஆறு வந்தால் மட்டும் ஒரு நொடி நிற்கிறேன். மோதிய புள்ளிகள் கண்முன் வருகின்றன. லிசெனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

இன்று வகுப்புக்குத் தோல் குவளையும் பகடைகளும் கொண்டுவந்துவிட்டார். காச்சோ ஆடப் போகிறோமாம்! அட்டவணையில் அழுத்தம் என்று போட்டுவிட்டு, மதுக்கடையில் ஆடுகிற ஆட்டம். ஒருவர் குவளையைக் குலுக்கி மேசையில் அடித்து ஆட வேண்டும், அதேசமயம் ஹெட்செட்டில் லிசென் சொல்லும் விமானங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், சுற்றி நிற்பவர்கள் வாய்க்கு வந்தபடி வம்பிழுக்கலாம். ஒரே விதி, மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு கரண்டி யஹ்வா. வீட்டில் அம்மியில் அரைத்த பச்சை மிளகாய்த் துவையல், ரொட்டி கிடையாது, தண்ணீர் கிடையாது.

நான் நான்கு கரண்டி சாப்பிட்டேன். நான்காவது கரண்டி, மூன்றாவதைச் சிந்திவிட்டேன் என்று லிசெனிடம் மன்னிப்புக் கேட்டதற்கு. காது வழியாகப் புகை வந்தது. மற்றவர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள், நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

காச்சோவில் எண்களுக்குத் தனிப் பெயர்கள். ஒன்று ‘பாலா’, தோட்டா. இரண்டு ‘தோந்தோ’, அசடு. ஆறு ‘சேனா’. லிம்பெர்ட் காதுக்குள் வந்து, “ஹிமே, ஆறுன்னு நினைக்காதே. மனசுக்குள்ள சேனான்னு நினைச்சுக்கோ, வாயில ஆறுன்னு சொல்லு. தொண்டைக்குத் தெரியாம தாண்டிடலாம்” என்றான். ஓருரோ ஊர்க்காரன், திருட்டு வழி எதுவானாலும் அவனிடம் கிடைக்கும். செய்து பார்த்தேன். தாண்டிவிட்டது.

ஏப்ரல் 10, புதன்

இன்று பார்த்ததை எப்படி எழுதுவது?

லிசென் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பழைய நாடித்துடிப்புக் கருவியை இரவல் வாங்கி வந்திருந்தார். விரலில் ஒரு கவ்வி. ஒவ்வொரு துடிப்புக்கும் அறை முழுக்கக் கேட்கும்படி ‘பீப்’ என்று ஒரு சத்தம். அதை மாட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சிமுலேட்டரில் உட்கார வேண்டும். இதைவிடத் துணியைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்த உடனேயே என் பீப் கோழியைத் துரத்துகிற மாதிரி ஓடியது. லிம்பெர்ட்டுக்கு மட்டும் நிதானமாக, சொட்டுச் சொட்டாக வந்தது. எல்லோரும் கைதட்டினோம். லிசென் தட்டவில்லை. அவன் இரண்டு விமானங்களின் அழைப்பைக் கவனிக்கவே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

கதவருகே தோன் அப்தோன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மூச்சு வகுப்பு பற்றி அவர் அபிப்பிராயம் பள்ளிக்கே தெரியும். லிசென் அவரைப் பார்த்து, நீங்களும் ஒருமுறை உட்காருங்களேன் என்றார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“பயமா இருந்தா வேணாம் தோன் அப்தோன்.”

அவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார், கவ்வியை மாட்டிக்கொண்டார். லிசென் கொடுத்தது எங்களில் யாருக்கும் கொடுக்காத கணக்கு: மலைமேல் ஆலங்கட்டி மழை, ஒரு விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டது, இன்னொன்றில் எரிபொருள் தீர்கிறது, இரண்டும் ஒரே ஓடுபாதைக்கு வருகின்றன.

அவர் பேச ஆரம்பித்தார். பஸ் நிறுத்தங்களைப் படிக்கிற மாதிரி ஒரு குரல். ஏறவில்லை, இறங்கவில்லை. ஒருவரை நிற்கச் சொன்னார், ஒருவரை இறக்கினார், இடையில் மூன்றாவது ஒருவருக்குக் காற்றின் வேகம் சொன்னார். அந்தக் குரலுக்குப் பின்னால், பீப் பீப் பீப் பீப் — எங்கள் எல்லோரையும்விட வேகமாக. எண்ண முடியாத வேகம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்கும் அது கேட்கிறது. கேட்டுக்கொண்டே பேசுகிறார். நடுவில் ஒரு எண் தப்பியது. “திருத்தம்” என்றார், அதே குரலில். பீப் ஒரு துள்ளுத் துள்ளியது, குரல் துள்ளவில்லை.

முடிந்தது. இரண்டு விமானமும் தரையில். அவர் கவ்வியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இத்தன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கு போல” என்றார், யாரிடமும் இல்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

கல் என்று நினைத்திருந்தேன் அந்த மனிதரை. கல்லாக இருந்து அந்த வேலையைச் செய்திருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. உள்ளே அப்படி அடித்துக்கொண்டிருக்க, மேலே இருந்தவர்களுக்கு அதில் ஒரு துளி தெரியாமல், ஒவ்வொரு நாளும், வருடக்கணக்காக… மெய்சிலிர்த்துவிட்டது. இப்போதும் அப்படியே இருக்கிறது. எத்தனை பேர் அவர் குரலின் புண்ணியத்தில் நிம்மதியாக இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்திருப்பார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

அப்படியானால் என் துடிப்பு என் குறை இல்லையா?

ஏப்ரல் 19, வெள்ளி

லிம்பெர்ட் என்னோடு சந்தைவரை நடந்து வந்தான். வழக்கமான கேலி எதுவும் இல்லை. வானிலைப் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அடுத்த மாதம் எங்கள் மறுதேர்வுக்கு பைலட் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவானாம்.

“உங்களுக்கெல்லாம் நெஞ்சு அடிச்சுக்குது, நீங்க அங்க இருக்கீங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல ஹிமே. நான் அங்க இல்லவேயில்ல. எங்கயோ போயிடறேன்.”

ஒரு கோப்பை பழம் போட்ட தயிர் வாங்கிக் கொடுத்தான். சிரித்தான். இவ்வளவு நாள் அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வீட்டில் பயிற்சி. அம்மாதான் பைலட். துணி மடித்துக்கொண்டே, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியமே, “மன்னிக்கணும் மகளே, கொஞ்சம் இறங்கிக்கட்டுமா, தொந்தரவு இல்லையே?”

பைலட்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்றேன்.

“அப்போ வளர்ப்பு சரியில்ல” என்றாள்.

அரை மணி நேரத்தில் தேறிவிட்டாள். கடைசியில் என்னை வேண்டுமென்றே குழப்பினாள். ஏழு என்று சொன்னால் ஆறு என்று திருப்பிச் சொல்வாள், நான் பிடிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். இரண்டு முறை பிடித்தேன், ஒருமுறை விட்டேன். விட்டபோது மடித்த போர்வையை என் தலையில் போட்டாள். எங்கள் வீட்டில் ஒரு தவறுக்குப் பிறகு யாரும் மன்னிப்புக் கேட்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை. அம்மா அதைக் கவனித்தாளா தெரியாது. போர்வையை எடுத்து மறுபடி மடித்தாள்.

மே 2, வியாழன்

நாளை. மறுதேர்வு. பெயரை எடுத்துவிட்டால் அம்மாவோடு துணிக்கடையில் உட்கார வேண்டியதுதான், மேலே விமானம் போகும்போதெல்லாம் குனிந்துகொண்டு.

மே 3, வெள்ளி

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உட்கார்ந்தேன். பின்னால் தோன் அப்தோன் வந்து நின்றார், காலணிச் சத்தத்தில் தெரிந்தது. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அடிக்கட்டும் என்று விட்டேன். மூக்கால் இழுத்து வாயால் விட்டேன், எந்த மூச்சு வகுப்பை இத்தனை நாள் கேலி செய்தேனோ அதே மூச்சு. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாதிவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு வந்தது, வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்று ஏறுகிறது, எதிரே ஒன்று இருநூற்று எழுபதில். ஏறுகிறதை நிறுத்த வேண்டும். பொத்தானை அழுத்தினேன். மனசுக்குள் சேனா என்று நினைத்துக்கொண்டேன். வாயில் ஆறு என்று சொல்ல வேண்டும்.

“மட்டம் இரண்டு, சேனா, பூஜ்யம்” என்றேன்.

சொன்னது எனக்குத் தெரியவில்லை! சத்தியமாகத் தெரியவில்லை. ஹெட்செட்டில் லிம்பெர்ட்டின் குரல், சிரிப்பே இல்லாமல், நிஜமான கேப்டன் மாதிரி: “இரண்டு, சேனா, பூஜ்யம் வரை ஏறுகிறேன்.”

அப்போதுதான் என் காதில் விழுந்தது. மதுக்கடை மேசைச் சொல்லை விமானத்துக்குச் சொல்லியிருக்கிறேன், தேர்வில், தோன் அப்தோன் முன்னால். முகம் கொதித்தது. நாக்கு நுனியில் அந்தப் பழைய சொல் வந்து நின்றது. முதல் எழுத்தில் உதடுகூட மூடிவிட்டது. பின்னால் நிற்பவர் என்ன நினைப்பார்? சரி, நினைக்கட்டும். திரையைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே காதுக்குள் மூச்சுவிடுகிற ஒரு ஆள், அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக.

“திருத்தம். இரண்டு, ஆறு, பூஜ்யம்.”

“இரண்டு, ஆறு, பூஜ்யம்” என்றான் லிம்பெர்ட்.

புள்ளி இருநூற்று அறுபதில் நின்றது. எதிரே வந்தது அதற்கு மேலாகக் கடந்து போனது. ஒன்றின் மேல் ஒன்று, தொடாமல். அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. வெறும் இரண்டு பச்சைப் புள்ளிகள்தான். நான் ஒரு சொல் சொன்னேன், அவை பிரிந்து போயின. உடனே அடுத்த விமானம் கூப்பிட்டது, போய்விட்டேன்.

விளக்கு எரிந்தபின் தோன் அப்தோன் காகிதத்தில் எதையோ அடித்து எழுதினார். “சேனாவுக்கு மதிப்பெண் கழிச்சிருக்கேன்” என்றார். பிறகு, “திருத்தத்துக்குக் கழிக்க விதியில்ல. தேறிட்டே, போ” என்றார்.

வெளியே லிசென் நின்றிருந்தார். கட்டிப்பிடித்தேன். அவரும் மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டிருந்தார்.

மே 4, சனி

லிம்பெர்ட்டிடம் கேட்டேன்: என்னைக் கேலி செய்தானா, காப்பாற்றினானா?

“சொன்னதத் திருப்பிச் சொன்னேன். பைலட் வேற என்ன செய்வான்?” என்றான்.

ஜூலை 15, திங்கள்

ரிபெரால்தா. முதல் பணியிடம். வெயில், செம்மண், எங்கே பார்த்தாலும் மோட்டார் சைக்கிள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்து பார்த்தால் காடு முடிகிற இடமே தெரியவில்லை. இரண்டு மாதம் பக்கத்தில் ஒருவர் இருப்பார், பிறகு தனியாக. இவ்வளவு பெரிய வானத்தை நம்பி என் கையில் கொடுக்கிறார்களே, இவர்களுக்கு என்னைத் தெரியாதா?

செப்டம்பர் 22, ஞாயிறு

காட்டை எரிக்கும் பருவம். ஒரு வாரமாகப் புகை. சூரியன் ஒரு செம்புக் காசு மாதிரி இருக்கிறது, நேராகவே பார்க்கலாம். ஓடுபாதையின் மறுகோடி தெரியவில்லை. இப்படிப்பட்ட நாளில் விமானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்கு வருகிறது. முதலில் ஹெட்செட்டில் குரல், பிறகு எங்கோ ஒரு முனகல், பிறகு வெள்ளைக்குள் இருந்து திடீரென்று ஒரு மூக்கு. ஒவ்வொரு முறையும் எனக்குக் கைமுடி எழுந்து நிற்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். பழக வேண்டாம்.

காலையில் நான் தனியாக. நான்கு விமானங்கள் இறங்கின. ஒருவர் இறைச்சி ஏற்றி வந்தார், ஒரு ஆசிரியை கைக்குழந்தையோடு இறங்கினாள். அவளுக்காக மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் காத்திருந்தார்கள். கோபுர ஜன்னலிலிருந்து பார்த்தேன், குழந்தையை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். அம்மா தொலைபேசினாள், மாம்பழம் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காதே என்றாள். மாலையில் எறும்புகள் சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டன. வேறொன்றும் இல்லை.

—

எழுதி மூடிவிட்டு மீன் வறுக்கப் போனேன். எண்ணெய் காயும்போது நினைவு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஆசிரியை வந்த விமானத்துக்கு, புகைக்குள், இடப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் வலம் என்றேன். திருத்தம், இடம் என்றேன். பைலட் இடம் என்று திருப்பிச் சொன்னார், திரும்பினார், இறங்கினார். அவ்வளவுதான். அடுத்தவருக்குக் காற்று சொன்னேன். அதன்பின் நாள் முழுக்க அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியையை எழுதினேன், குழந்தையை எழுதினேன், எறும்பைக்கூட எழுதினேன், இதை எழுத மறந்துவிட்டேன்.

நானா மறந்தேன்?